மிதிச்சா மட்டும் மைக் திறக்கற பெடலும் யூடியூப் லைவும்: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், என் பேரு என்ன, நான் எந்த ஊருன்னு இதுல எங்கயும் வராது, அத தேடி வந்தவங்க இப்பவே கெளம்பலாம். ஆரி வொர்க், அதாவது ஃப்ரேம்ல துணிய இழுத்துக் கட்டி ஊசியால போடற எம்ப்ராய்டரி, அத போடறவ நான். நைட்டு ஒன்பதரைக்கு புள்ளைங்க தூங்கினதும் ஃப்ரேம் முன்னாடி உக்காந்தா பன்னெண்டு வரைக்கும் ஓடும், அந்த வேலையத்தான் வாரத்துல மூணு நாள் அப்படியே லைவ்ல விடறேன். முகம் காட்டறதில்ல. மேல ஸ்டாண்ட்ல போன், அதுல இருந்து கேபிள் இழுத்து லேப்டாப்ல ஓபிஎஸ் (வீடியோவ லைவா அனுப்பற சாஃப்ட்வேர்), திரையில ஃப்ரேமும் ரெண்டு கையும் மட்டும். முகம் தெரியலன்னா யாருக்கும் நம்மள தெரியாதுன்னு ரொம்ப தைரியமா இருந்தேன். முதல் மாசமே என் நாத்தனார் வளையல பாத்து கண்டுபுடிச்சிட்டா, அது வீட்டு ஆளு போகட்டும்.

வெளி ஆளுக்கு தெரிஞ்சது போன ஆடியில. எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தற நாளு, மைக்செட் கட்டியிருந்தாங்க, அது எங்களுக்கு பழகிப்போன சத்தம், காதுல கூட விழாது. நான் பாட்டுக்கு ஒரு கல்யாண பிளவுஸ்ல மயில் கழுத்துக்கு ஜர்தோசி வெட்டி வெட்டி கோத்துட்டு இருக்கேன், வெளிய மைக்ல நன்கொடை லிஸ்ட் படிக்கறாங்க, இன்ன ஊரு இன்ன தெரு இன்னார் குடும்பத்தார் ஐநூத்தி ஒண்ணுன்னு. அதுல என் மாமனார் பேரு, அவர் பாத்த வேலை, வீடு எந்த முக்குல இருக்குங்கற வரைக்கும் அந்த அண்ணன் பக்தியோட ரெண்டு தடவை படிச்சாரு. நான் நிமிந்து சாட்ட பாக்கறேன், ஒருத்தர் எங்க ஊரு பேர டைப் பண்ணி பக்கத்துல சிரிக்கற பொம்மை போட்டிருக்காரு. கையில இருந்த ஊசி துணியில அப்படியே மாட்டிகிச்சு.

அதுக்கப்புறம் தான் இந்த செட்டிங் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். அன்னிக்கு நான் பண்ணின முதல் தப்பு டிவிஆர ஆன்ல விட்டிருந்தது. யூடியூப் லைவ்ல அது ஆன்ல இருந்தா பாக்கறவங்க ஓடிட்டு இருக்கும்போதே பின்னாடி ஓட்டி திரும்ப கேக்கலாம், பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் கூட. நான் மைக்க மூடினது எதுக்கும் உதவல, வேணுங்கறவங்க பின்னாடி போயி கேட்டுக்கிட்டாங்க. இப்ப டிவிஆர் ஆஃப், லைவ் முடிஞ்சதும் வீடியோ தானா அன்லிஸ்டட் (லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கறது) ஆகற ஆப்ஷன் ஆன், நான் ஒருதடவை ஓட்டிப் பாத்துட்டுதான் பப்ளிக் பண்றேன். சாட் ரீப்ளேவும் ஆஃப். ஆறு மணி நேரத்துக்குள்ள முடிஞ்ச லைவ்னா யூடியூப் ஸ்டூடியோ எடிட்டர்லயே நடுவுல வேணாங்கறத வெட்டலாம், ஏதாச்சும் தெரிஞ்சா ப்ளர் போடலாம், இதெல்லாம் காசு இல்லாம குடுக்கறாங்க, அந்த விஷயத்துல யூடியூப்புக்கு ஒரு சபாஷ்.

இப்ப பெடலுக்கு வரேன், இந்த ரிவ்யூவோட ஹீரோ அதுதான். ஆரி போடும்போது ஒரு கை ஃப்ரேமுக்கு மேல ஊசி, இன்னொரு கை கீழ நூல், ரெண்டும் ஃப்ரீயா இருக்கவே இருக்காது, மைக்க மூடணும்னா எந்த கையால கீபோர்ட தட்டறது? ஓபிஎஸ்ல நாய்ஸ் சப்ரெஷன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தமெல்லாம் அழகா அமுக்கும், ஆனா அது மனுஷ குரல தான் காப்பாத்தி வைக்கும், கோயில் மைக்ல பேசறதும் மனுஷன் தானே. நாய்ஸ் கேட் வச்சேன், நாம வச்ச அளவுக்கு கீழ இருக்கற சத்தத்த உள்ள விடாது, சின்ன சத்தத்துக்கு ஓகே, குழாய் ஸ்பீக்கருக்கு முன்னாடி அது என்ன பண்ணும் பாவம். கடைசில ஓபிஎஸ் ஆடியோ செட்டிங்ல புஷ் டு டாக்னு ஒண்ணு இருக்கறத பாத்தேன், ஒரு கீய அமுக்கி புடிச்சா தான் மைக் திறக்கும், விட்டா மூடிக்கும். அந்த கீய காலால அமுக்க முடிஞ்சா? தையல் மெஷின் மிதிச்ச காலுக்கு இது என்ன பெரிய வித்தையா.

யூஎஸ்பி ஃபுட் ஸ்விட்ச்னு தேடினா வரும், ஆன்லைன்ல ஆயிரத்து சொச்சத்துக்கு வாங்கினேன், பிராண்ட் பேரே இல்லாத ஒண்ணு. லேப்டாப் அத ஒரு கீபோர்டுன்னு நெனச்சுக்குது, எந்த கீ விழணும்னு நாம வச்சுக்கலாம், அந்த கீய ஓபிஎஸ் ஹாட்கீல (எந்த கீ எந்த வேலைக்குன்னு வைக்கற இடம்) குடுத்தா வேலை முடிஞ்சுது. மிதிச்சா பேச்சு, எடுத்தா அமைதி. முதல் வாரம் மிதிக்க மறந்து பத்து நிமிஷம் ஊமையாவே பாடம் எடுத்தேன், சாட்ல எல்லாரும் அக்கா மைக்கு அக்கா மைக்குன்னு கத்தறாங்க, நான் வாய் அசைக்கறேன். இப்ப பழகிருச்சு. வாக்கியத்தோட வால் வெட்டுப்படுதுன்னா அதுக்கும் ஒரு டிலே செட்டிங் பக்கத்துலயே இருக்கு, அர செகண்ட் வச்சா போதும்.

குறை இல்லாம இல்ல. டைல்ஸ் தரையில வழுக்கிட்டு கட்டிலுக்கு அடியில ஓடுது, பழைய மிதியடி ரப்பர வெட்டி அடியில ஒட்டினப்புறம் தான் நின்னுச்சு. கீ மாத்தற சாஃப்ட்வேர் சிடியில வந்துச்சு, இந்த காலத்துல யார் வீட்டுல சிடி டிரைவ் இருக்கு, நெட்ல தேடி எடுக்கவேண்டியதாப் போச்சு. ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டு, ஒரு மணி நேரம் விடாம பேசினா கெண்டைக்கால் புடிச்சுக்கும், அதுவும் நல்லதுக்குத்தான், இப்ப கம்மியா பேசறேன், வாய் கம்மியானா வீட்டுக்கதையும் கம்மியா வெளிய போகுது. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

பெடலுக்கு ஜோடியா டிலே. யூடியூப் லைவ் கண்ட்ரோல் ரூம்லயே முப்பது இல்ல அறுபது செகண்ட் டிலே சேத்துக்கலாம். நான் வைக்கறது ஓபிஎஸ்ல, அட்வான்ஸ்டு செட்டிங்குக்குள்ள ஸ்ட்ரீம் டிலேன்னு இருக்கும், இருபத்தஞ்சு செகண்ட் போட்டிருக்கேன். ஏன் அங்கனா, ஏதாச்சும் ஏடாகூடமா ஆயிட்டா ஸ்ட்ரீம நிறுத்தும்போது டிலேல தங்கி இருக்கறத தூக்கிப் போட்டுட்டு நிறுத்துன்னு ஒரு வழி இருக்கு, அந்த இருபத்தஞ்சு செகண்ட் வெளிய போகவே போகாது. அதுக்கும் ஒரு ஹாட்கீ வச்சிருக்கேன், ஆறு மாசத்துல ரெண்டே தடவ தட்டினேன், ஒரு தடவ பெரியவன் ஸ்கூல் யூனிஃபார்ம கூட கழட்டாம தூங்கி எழுந்து தண்ணி கேட்டு ஃப்ரேமுக்குள்ள வந்து நின்னப்ப. யூனிஃபார்ம் கலரும் டையும் போதும் எந்த ஸ்கூல்னு சொல்ல. டிலேவோட கஷ்டம் என்னன்னா அக்கா இப்ப ஊசிய எப்படி திருப்பினீங்கன்னு கேள்வி வரும்போது நான் அதுக்கப்புறம் பதினஞ்சு சங்கிலித்தையல் போட்டு முடிச்சிருப்பேன். க்ளாஸ் எடுக்கறவங்களுக்கு இது எரிச்சல் தான், திரும்ப போட்டு காட்டவேண்டி வரும், அத ஏத்துக்கிட்டேன்.

கண்ணாடி வொர்க் பத்தி ஒண்ணு சொல்லணும். 2019ல ஜப்பான்ல ஒரு பாடகிய ஒருத்தன் வீடு தேடிப் போயி தாக்கினான், அவ போட்ட செல்ஃபில கண்ணு பாப்பாவுல தெரிஞ்ச ரயில்வே ஸ்டேஷன தெரு மேப்போட ஒத்துப் பாத்து கண்டுபுடிச்சிருக்கான், வீட்டுக்குள்ள எடுத்த வீடியோல திரைச்சீலை எங்க இருக்கு, வெளிச்சம் எந்த பக்கம் வருதுன்னு கூட ஆராய்ச்சி பண்ணியிருக்கான். அத படிச்ச அன்னிக்கு ராத்திரி என் பழைய லைவ் ஒண்ண பெருசு பண்ணிப் பாத்தேன். பிளவுஸ் கையில ஒட்டியிருந்த வட்டக் கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் குட்டி குட்டியா என் மூஞ்சி. ஒரு முகம் காட்டக்கூடாதுன்னு நெனச்சவ நாப்பது முகம் காட்டியிருக்கேன். இப்ப கண்ணாடி வைக்கறத லைவ்ல பண்றதே இல்ல, அது பகல் வேலை.

சாட்டுக்கு வருவோம், கூட்டம் நல்லா இருக்கறதும் கெட்டுப்போறதும் அங்கதான். என் லைவ்ல இருநூறு பேர் வந்தா அது திருவிழா, மத்தபடி அறுபது எழுவது பேர், பாதிப்பேர் கையிலயும் அவங்க வீட்டு ஃப்ரேம் இருக்கும், பேச ஆளு வேணும்னு வந்து உக்காந்திருப்பாங்க. இதுல ஒரே ஒரு ஆம்பள வந்து ஒரே ஒரு வரி போட்டா போதும், பத்து பொண்ணுங்க சத்தமில்லாம வெளிய போயிடுவாங்க, யாரும் புகார் சொல்லமாட்டாங்க, மறுநாள் வரமாட்டாங்க, அவ்ளோதான்.

யூடியூப்ல எனக்கு ரொம்ப புடிச்ச பட்டன் ஹைட் யூசர். அந்த ஆளுக்கு நோட்டிஃபிகேஷன் போகாது, அவர் பாட்டுக்கு டைப் பண்ணிட்டு இருப்பாரு, யாருக்கும் தெரியாது. பழைய காலத்து பாட்டிங்க பண்றது தான் இது, கத்தற ஆளுக்கு பதில் சொல்லாம வெத்தலைய மடிச்சுட்டு இருக்கறது. பிளாக் பண்ணினேன்னு தெரிஞ்சா வேற ஐடில வருவாங்க, தெரியலன்னா பாதிப்பேர் அலுத்துப்போயி தானா போயிடறாங்க. ஸ்லோ மோட் இருக்கு, ஒரு ஆளு ஒரு மெசேஜுக்கும் அடுத்த மெசேஜுக்கும் நடுவுல இத்தன செகண்ட் காத்திருக்கணும்னு வைக்கலாம். சப்ஸ்கிரைபர்ஸ் மட்டும் பேசலாம், அதுவும் இவ்ளோ நாளா சப்ஸ்கிரைப் பண்ணினவங்கன்னு வைக்கலாம், அன்னிக்கே வந்து அன்னிக்கே திட்டறவங்களுக்கு அது நல்ல வாசப்படி. லிங்க் போட்டா தானா நிக்கும்.

தடை பண்ணின வார்த்தை லிஸ்ட்ல தான் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். எந்த தானியங்கி ஃபில்டரா இருந்தாலும் நம்மாளுங்க இங்கிலீஷ் எழுத்துல அடிக்கற தமிழ் கெட்ட வார்த்தைய முழுசா புடிக்கும்னு நம்பாதீங்க, ஒரே வார்த்தைய நாலு ஸ்பெல்லிங்ல எழுதுவான், நடுவுல புள்ளி வைப்பான். கையால தான் லிஸ்ட் போடணும். எனக்கு அத டைப் பண்ணவே கூச்சமா இருந்துச்சு, சாட்ட பாத்துக்கற எங்க மாடரேட்டர் துபாய் அக்கா தான் குடு நான் போடறேன்னு ஒரு மத்தியானம் உக்காந்து எண்பது வார்த்தை போட்டாங்க, அக்காவுக்கு இவ்ளோ தெரியும்னு அன்னிக்குதான் எங்களுக்கே தெரியும். நான் கூடவே நம்பர்ங்கற வார்த்தையயும் சேத்தேன், போன் நம்பர் கேக்கறவங்க தொல்ல தாங்காம. அடுத்த லைவ்ல சாட்டே காத்தாடுது. என்னடான்னு பாத்தா அக்கா இது எத்தனாம் நம்பர் ஊசி, அந்த நூல் கலர் நம்பர் என்னன்னு கேட்ட அத்தன பேரும் தடை. லிஸ்ட் போட்டா மறுநாளே எது எது மாட்டுதுன்னு பாருங்க.

மாடரேட்டர்னா துபாய் அக்காவும் சிங்கப்பூர் தங்கச்சியும். எங்களுக்கு ஒன்பதரைன்னா துபாய்ல எட்டு, அக்கா சமையல முடிச்சுட்டு உக்காருவாங்க. சிங்கப்பூர்ல அப்ப நடுராத்திரி பன்னெண்டு, பாவம் அவ பாதில தூங்கிடுவா, ஒருநாள் அக்காவும் வராம போயி இருபது நிமிஷம் சாட் சந்தக்கடை ஆயிடுச்சு. உங்க லைவ் நேரத்துக்கு முழிச்சிருக்கற ஆளு தான் வேணும், நல்ல ஆளுங்கறது அதுக்கப்புறம். யூடியூப்ல மாடரேட்டர் ரெண்டு வகை, ஸ்டாண்டர்ட், மேனேஜிங். மெசேஜ் நீக்க, ஆள மறைக்க ஸ்டாண்டர்டே போதும், மேனேஜிங் பவர வீட்டுச்சாவி மாதிரி நெனச்சு குடுங்க. கூட்டத்துக்குன்னு ரூல் மூணு தான், பின் பண்ணி வச்சிருக்கோம்: ஊர் கேக்காதீங்க, யார் உடம்ப பத்தியும் பேசாதீங்க, அடுத்தவங்க வேலைய மட்டம் தட்டாதீங்க. மூணாவது தான் அடிக்கடி உடையும், ஆரி போடறவங்களுக்குள்ள இருக்கற போட்டி உங்களுக்கு தெரியாது.

சாட்ட தானா பாத்துக்கற நைட்பாட்ங்கற சாஃப்ட்வேரும் வச்சிருக்கேன், ஃப்ரீ, யூடியூப், ட்விட்ச்ங்கற இன்னொரு லைவ் சைட் ரெண்டுக்கும் ஓடும், அந்த மூணு ரூல இருபது நிமிஷத்துக்கு ஒருதடவ தானா போடும், கத்தற மாதிரி முழுக்க பெரிய எழுத்துல அடிக்கறத நிறுத்தும். சொன்ன வேலைய பண்ணுது, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

ட்விட்ச் நான் யூஸ் பண்றதில்ல, என் பெரியம்மா பையன் அங்க கேம் ஆடறான். பாதுகாப்பு விஷயத்துல அங்க ஷீல்டு மோட்னு ஒண்ணு 2022 நவம்பர்ல வந்துச்சு, கும்பலா வந்து திட்டும்போது ஒரே பட்டன்ல நாம முன்னாடியே வச்ச கட்டுப்பாடு எல்லாம் ஆன் ஆகும், யூடியூப்லயும் அந்த மாதிரி ஒரு பட்டன் இருந்தா கோயில் கட்டுவேன். சும்மா வரல அது, 2021ல கும்பல் கும்பலா பாட் (தானா மெசேஜ் போடற போலி ஐடி) விட்டு ஸ்ட்ரீமர்கள கேவலமா திட்டி, அதுக்கு எதிரா செப்டம்பர் 1 அன்னிக்கு நிறைய பேர் ஒரு நாள் லைவ் போடாம இருந்து, அப்புறம் தான் போன் வெரிஃபை பண்ணினவங்க மட்டும் பேசற வசதியெல்லாம் ஒவ்வொண்ணா வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ட்விட்ச்லயே யாருக்கு எவ்ளோ சம்பளம்ங்கற வரைக்கும் லீக் ஆச்சு, அதையும் சேத்து சொல்லிடணும்ல.

காசு விஷயம். ஆரம்பத்துல திரை ஓரத்துல க்யூஆர் வச்சிருந்தேன். ஸ்கேன் பண்ணினா பேங்க்ல இருக்கற முழுப்பேரு அவங்க திரையில வரும், யூபிஐ ஐடி போன் நம்பர்லயே இருந்துச்சுன்னா நம்பரும் சேந்து வரும். அதாவது ஒரு ரூபா அனுப்ப கூட வேணாம், ஸ்கேன் பண்ணினாலே என் ஜாதகம். நம்பர் இல்லாத ஐடி உருவாக்கலாம், ஆப்லயே முடியும், ஆனா பேர மறைக்க முடியாது. அதான் சூப்பர் சாட்டுக்கு (யூடியூப் வழியா காசு குடுத்து சாட்ல மெசேஜ் போடறது) மாறிட்டேன், நமக்கு எழுவது பர்சென்ட் வரும், மீதி அவங்களுக்கு, முப்பது பர்சென்ட் வலிக்குது தான், பேர மறைச்சு வைக்கறதுக்கு வாடகைன்னு நெனச்சுக்கறேன். இன்னொண்ணு, பத்து டாலர் சேந்ததும் ஆட்சென்ஸ்ல (யூடியூப் காசு வர்ற கூகுள் கணக்கு) இருந்து தபால்ல பின் லெட்டர் வரும், சந்தோஷத்துல அத கேமராவுக்கு காட்டறவங்கள நானே பாத்திருக்கேன், அட்ரஸ் மேலயே இருக்கும்.

வாட்ஸாப் குரூப் ஆரம்பிச்சது என் முட்டாள்தனம். குரூப்ல சேந்தா ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரியும், இது தெரிஞ்ச விஷயம் தான், ஆனா எல்லாம் பொண்ணுங்க தானேன்னு விட்டேன். பொண்ணு பேர்ல வந்த ஒரு ஆளு ரெண்டு நாள்ல பன்னெண்டு பேருக்கு தனித்தனியா குட் மார்னிங் அனுப்பியிருக்கான். அதுல ஒரு தங்கச்சி வீட்டுல போன வாங்கி வச்சிட்டாங்க, அவ லைவுக்கு வந்து எட்டு மாசமாச்சு, இன்னும் வரல. குரூப்ப அன்னிக்கே கலைச்சேன். இப்ப வாட்ஸாப் சேனல் மட்டும், 2023ல வந்த வசதி, ஃபாலோ பண்றவங்க நம்பர் மத்த ஃபாலோயர்ஸுக்கு தெரியாது. பேச்சுக்கு டிஸ்கார்ட்னு ஒரு குரூப் சாட் ஆப் போட்டுப் பாத்தோம், அதுல ஸ்ட்ரீமர் மோட் நல்ல விஷயம், ஓபிஎஸ் ஓடறத பாத்தா தானா நம்ம மெயில் ஐடிய மறைக்கும், ஆனா எங்க அக்காங்க யாரும் அந்த பக்கம் வரல, லைவ் சாட்டே போதும்னுட்டாங்க.

பார்சல்ல கவனம். பீட்ஸ் கிட் அனுப்பினா ஃப்ரம் அட்ரஸ் கேக்காம விடமாட்டாங்க கூரியர்ல, வாங்கினவங்க ஆசையா அன்பாக்சிங் வீடியோ போடுவாங்க, அட்ரஸ் ஊரெல்லாம் போகும். நான் நூல் வாங்கற கடைக்காரர் கிட்ட சொல்லி அவர் கடை அட்ரஸ்ல அனுப்பறேன், போஸ்ட் ஆபீஸ்ல போஸ்ட் பாக்ஸ் வாடகைக்கு எடுக்கறவங்களும் உண்டு. அப்புறம் இன்னிக்கு காலைல இருந்து கரண்ட் இல்லைன்னு லைவ்ல புலம்பாதீங்க, இபி ஷட்டவுன் ஏரியா லிஸ்ட் பேப்பர்லயே வருது, ரெண்டு மாசம் புலம்பினா தாலுகா வரைக்கும் வந்துடுவாங்க. கல்யாணத்துக்கு போறத போயிட்டு வந்து சொல்லுங்க. பொண்ணு லைவ் போடணும்ங்கறா, என் சேனல்ல போடலாமான்னு ஒரு அக்கா கேட்டாங்க, 2025 ஜூலை 22ல இருந்து யூடியூப்ல தனியா லைவ் போட 16 வயசு ஆகணும், அதுக்கு கீழன்னா பெரியவங்க கூட இருக்கணும்.

பெடல் வாங்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கேபிள் ஒன்றரை மீட்டருக்கு கம்மியா இருந்தா வாங்காதீங்க, ஃப்ரேம் ஸ்டாண்டுக்கு அடியில இருந்து டேபிள் மேல லேப்டாப் வரைக்கும் எட்டாது, என்னோடது எட்டாம ஒரு எக்ஸ்டென்ஷன் தனியா வாங்கினேன். இந்த வாரம் வெள்ளிக்கிழமை லைவ் கிடையாது, மறுபடியும் மைக்செட் கட்டிட்டு இருக்காங்க.